கரும்புக் கொல்லையில் கிடக்காத பிணம்

என் அத்தை கொலைப் புத்தகங்களாகச் சேர்த்தாள். கொலை என்று சொன்னாலும் அதில் கொள்ளை, கடத்தல், கள்ள நோட்டு, போலீஸ், கோர்ட்டு எல்லாம் அடக்கம். ஊரில் மற்றப் பெண்கள் சீட்டுக் கட்டி எவர்சில்வர் குடம் சேர்த்தார்கள். சிலர் கோழி சேர்த்தார்கள். பகையைச் சேர்த்து வைத்தவர்களும் உண்டு. அத்தை அப்பாவின் ஒரே தங்கை. கல்யாணம் ஆகாமல் எங்களோடு இருந்தாள். பகலெல்லாம் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குக் கொல்லை வேலை பார்த்துவிட்டு, யார் யாரோ படித்து வீசிய புத்தகங்களைக் கொண்டுவந்து பரணில் ஏற்றினாள்.

அதற்கென்று ஒரு முறை வைத்திருந்தாள். உடைந்த பிளாஸ்டிக் குடம், தேய்ந்த செருப்பு, காம்பு போன மண்வெட்டி, துருப்பிடித்த குழாய் என்று கண்ணில் பட்டதையெல்லாம் ஒரு உரச் சாக்கில் போட்டு வருவாள். சாக்கு நிறைந்ததும் கள்ளக்குறிச்சிக்குப் பஸ் ஏறிவிடுவாள். அங்கே பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் பழைய பேப்பர் கடை இருந்தது. கடைக்காரர் சாக்கை நிறுத்துவிட்டு அதற்கு ஈடாகப் புத்தகம் கொடுப்பார். அட்டையில் கத்தியோ ரத்தமோ காக்கித் தொப்பியோ தெரிந்தால் அது அத்தையுடையது என்று அவரே ஒதுக்கி வைத்திருப்பார். கோர்ட்டு இருக்கிற ஊர் என்பதால், காலமான வக்கீல்கள் வீட்டிலிருந்து தடித்தடியான சட்டப் புத்தகங்களும் எப்போதாவது வரும். அன்றைக்கெல்லாம் அத்தையின் நடையே வேறு மாதிரி இருக்கும்.

அம்மாவுக்கு இது பிடிக்காது. பழைய இரும்பை அடித்தாலாவது அரிவாள் ஆகும், இந்தக் காகிதம் என்னவாக ஆகும் என்பாள். ஆனால் எனக்கு அத்தை ஒரு அதிசயம். ஒருநாள் டப்பாவில் வைத்த வெல்லம் காணாமல் போனது. எலி தின்றிருக்கும் என்றாள் அம்மா. அத்தை அந்த எவர்சில்வர் டப்பாவை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, மூடியின் மேல் திருநீற்றைத் தூவி, மெல்ல ஊதினாள். என் தம்பியின் விரல் ரேகைகள் குட்டிக் கோலங்களாக வெள்ளை வெளேரென்று எழுந்து நின்றன. "இந்த எலிக்கு அஞ்சி வெரலு இருக்குது அண்ணி" என்று மட்டும் சொன்னாள். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அதற்குப் பிறகு வெகுநாள் எந்தப் பாத்திரத்தைத் தொட்டாலும் பாவாடையில் ஒரு முறை துடைத்துவிட்டுத்தான் வைத்தேன்.

அத்தையின் புகழெல்லாம் கடலை ஆயும் காலத்தில்தான் உச்சிக்குப் போகும். பிடுங்கிப் போட்ட செடியிலிருந்து காயைப் பறித்தெடுப்பதை எங்கள் பக்கம் ஆய்வது என்போம். புங்க மரத்தடியில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, செடியை முன்னால் குவித்துக்கொண்டு ஆய்வார்கள். கை ஓட வேண்டும், வாய் சும்மா இருக்கலாம். எந்த ஊரில் அது சும்மா இருந்திருக்கிறது? அத்தை ஒரு கொலையை ஆரம்பிப்பாள். கத்தி ஓங்கும் இடம் நெருங்க நெருங்க எல்லார் கையும் வேகம் எடுக்கும். இந்தப் பெண் வாயைத் திறந்தால் என் கூடை தானாக நிறையுது என்று கொல்லைக்காரரே சொல்லிச் சிரிப்பார். வெயில் சாய்ந்ததும், கதைக்குள் யாரோ கதவைத் தட்டுகிற இடமாகப் பார்த்து நிறுத்திவிட்டு, முந்தானையை உதறிக்கொண்டு எழுந்துவிடுவாள். மறுநாள் ஒருத்தியும் வேலைக்கு மட்டம் போட மாட்டாள்.

புத்தகத்தில் கொலை நடப்பது பெரும்பாலும் பங்களாவில். லிப்ட் இருக்கும், நீச்சல் குளம் இருக்கும். அதெல்லாம் ஆய்கிறவர்கள் கண்ணுக்குத் தெரியாது என்று அத்தை மொத்தத்தையும் எங்கள் பக்கத்துக்கே இறக்கிக்கொண்டு வந்துவிடுவாள். நீச்சல் குளம் பம்புசெட்டுத் தொட்டியாகும். பங்களா சங்கராபுரம் ரோட்டு மாடி வீடாகும். அந்த வருஷத்துக் கதையில் பிணத்தை மூட்டை கட்டிப் போட்ட இடம் எங்கள் ஊர்க் கரும்புக் கொல்லை. ஏரிக்கரையை ஒட்டி, இரண்டு பனைமரத்துக்கு நடுவில் என்று அடையாளம்கூடச் சொன்னாள்.

அந்த வருஷம் ஆள் பற்றாமல் கல்வராயன் மலையிலிருந்து ஒரு கூட்டம் கடலை ஆய இறங்கி வந்திருந்தது. அதில் ஒரு அக்கா பஸ்ஸைத் தவறவிட்டு மதியத்துக்கு மேல்தான் வந்து சேர்ந்தாள். அவளோடு வந்த கூட்டம் தள்ளி வேறொரு மரத்தடியில் ஆய்ந்துகொண்டிருந்ததால், இடம் இருந்த எங்கள் வட்டத்தில் உட்கார்ந்தாள். அத்தை அப்போது பாதிக் கதையில் இருந்தாள். இது புத்தகத்துச் சமாசாரம் என்று வந்தவளுக்கு யாரும் சொல்லவில்லை. அவள் காதில் விழுந்ததெல்லாம், இந்த ஊர்க் கரும்புக் கொல்லையில் ஒரு சாக்கு மூட்டை கிடக்கிறது, அதற்குள் ஒருவன் கிடக்கிறான், அவன் பொண்டாட்டி இன்னும் சோறாக்கி வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி இருக்கிறாள் என்பதுதான். மற்றவர்கள் ஐயோ பாவம் என்றார்கள். அவளும் ஐயோ பாவம் என்றாள். கூலியாகக் கிடைத்த காயை முந்தானையில் முடிந்துகொண்டு மலை ஏறியவள், போகிற வழியெல்லாம் அந்தப் பாவத்தைச் சொல்லிக்கொண்டே போனாள்.

மறுநாள் மலையிலிருந்து ஒருவரும் இறங்கவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. கொலைகாரன் திரிகிற ஊருக்கு எங்கள் பெண்டுகளை அனுப்ப முடியாது என்று பஸ் கண்டக்டரிடம் சொல்லி அனுப்பினார்கள். மண் இறுகிக்கொண்டே வந்தது. இறுகிவிட்டால் செடி மட்டும் கையோடு வரும், காய் மண்ணுக்குள்ளேயே நின்றுவிடும். கொல்லைக்காரர் எங்கள் வாசலுக்கே வந்துவிட்டார். மலை ஆட்கள் வராமல் போனால் உன் வீட்டு ஆள் ஒருத்தரும் இனி என் நிலத்தில் கால் வைக்க வேண்டாம் என்று அப்பாவிடம் சொன்னார். கூடை நிறையுது என்று சிரித்தவர் அவரேதான். எங்களுக்கு அவர் நிலத்தை விட்டால் வேறு வேலை கிடையாது.

அப்பா அத்தையைத் திட்டவில்லை. பொதுவாகவே அவளோடு அவர் அதிகம் பேச மாட்டார். சோறு போடு, ஆட்டைக் கட்டு என்கிற அளவில்தான் அவர்கள் பேச்சு. அன்றைக்குப் பரணைப் பார்த்தபடி, "பொஸ்தகத்தால வந்தது பொஸ்தகத்தோட போவட்டும்" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் மதியம் எல்லாவற்றையும் பழைய பேப்பர் கடைக்கே கொண்டுபோய்ப் போடுவதென்று மொபெட்டை வாசலில் நிறுத்தினார். அத்தைதான் பரண்மேல் ஏறி ஒவ்வொரு சாக்காக இறக்கிக் கொடுத்தாள். கரையான் வராமல் இருக்க அவள் போட்டு வைத்திருந்த வேப்பிலைச் சருகு சாக்குகளிலிருந்து கொட்டிக்கொண்டே இருந்தது. அத்தனையுமா என்று அம்மாகூடக் கேட்டாள். அத்தை துடைப்பத்தை எடுத்து, கொட்டிய சருகைப் பெருக்கினாள். அப்பா சாக்குகளை மொபெட்டின் பின்னால் அடுக்கிக் கயிறு போட்டு இறுக்கிக்கொண்டிருந்தபோதுதான் ஜீப் வந்தது.

தெருவில் நின்ற ஆட்கள் எங்கே போனார்களோ தெரியாது. ஜீப்பிலிருந்து ஒரு ஏட்டய்யா இறங்கினார். ஒரு போலீஸ்கார அம்மா இறங்கினார், அத்தை வயதுதான் இருக்கும். அவர்களுக்குப் பின்னால் அந்த மலை அக்கா இறங்கினாள். இறங்கியவள் நேராக அத்தையைக் கை காட்டினாள்.

"இவங்கதான் சார். மூட்ட எங்க கெடக்குதுன்னு கூட சொன்னாங்க."

அத்தை கையில் துடைப்பத்தோடு நின்றாள். "சொன்னன் சார். அது கத. பொஸ்தகத்துல படிச்சது."

"கதையா?" என்றாள் மலை அக்கா. நம்பவில்லை. "அப்ப அந்தப் பொம்பள சோறாக்கி வச்சிக்கினு இருந்துச்சே, அதுவும் கதையா? நான் ரெண்டு நாளா சோறு திங்கல அக்கா."

எனக்கு அழுகை வந்தது. அத்தைக்கும் வந்திருக்க வேண்டும், துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஏட்டய்யா சிரிப்பை மீசைக்குள் அடக்கிக்கொண்டு, எதுவானாலும் பார்க்காமல் ரிப்போர்ட் எழுத முடியாது என்று மலை அக்காவைக் கூட்டிக்கொண்டு ஏரிக்கரைப் பக்கம் நடந்தார். ஒளிந்திருந்த ஊரெல்லாம் வெளியே வந்து அவர் பின்னால் போனது.

போலீஸ்கார அம்மா அத்தைக்குக் காவலாக நின்றார். வெயில் தாங்காமல் தொப்பியைக் கழற்றி மொபெட் மேலிருந்த சாக்கின்மேல் வைத்தார். கிழிந்த சாக்கு வழியாகத் தெரிந்த ஒரு புத்தகத்தை உருவினார். விரல் ரேகையை வைத்துத் திருடனைப் பிடிப்பது பற்றிய புத்தகம். இதெல்லாம் யார் படிப்பது, எத்தனை நாளாகச் சேர்க்கிறாய் என்று கேட்டார். அத்தை கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். பிறகு திடீரென்று அவளே அவரைக் கேட்டாள்.

"ஒங்க பேட்ச்சுக்கு போலீஸ் செலக்சன் ஓட்டம் எங்க மேடம் வெச்சாங்க?"

அவர் புத்தகத்தை மூடினார். "விழுப்புரம் கிரவுண்டுல. நீ ஏன் கேக்கற?"

"எங்களுக்கும் அங்கதான். மழ பேஞ்ச மறுநாளு. ஒரே வழுக்கலு. வெறுங்கால்ல ஓடினவங்கதான் முன்னால வந்தோம்."

போலீஸ்கார அம்மா அத்தையை மேலும் கீழும் பார்த்தார். "தாண்டறதெல்லாம்?"

"தாண்டிட்டன்."

"பரிட்ச?"

"பாஸு."

"அப்பறம்?"

அத்தை ஒரு சாக்கின் வாயை இழுத்து மூடினாள். "அப்பறம் இன்னா மேடம். கடல ஆயப் போய்ட்டன்."

"வூட்ல வேணாம்னுட்டாங்களா?"

"வேணாம்னு யாரும் சொல்லல. போன்னும் யாரும் சொல்லல."

போலீஸையே விசாரிக்கிற அத்தை! பதிலுக்குப் பதில் நிற்கிறாள், குரல் நடுங்கவில்லை, அவரும் சட்டென்று மரியாதையாகப் பார்க்கிறார். இந்தத் தெருவில் யாருக்கு இப்படி ஒரு அத்தை இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். மொபெட்டின் மறுபக்கம் அப்பா, ஏற்கெனவே போட்ட முடிச்சை அவிழ்த்து மறுபடியும் போட்டுக்கொண்டிருந்தார்.

சாக்கின் மேலிருந்த தொப்பி நழுவியது. அத்தை பாய்ந்து பிடித்தாள். சாமி பிரசாதத்தை வாங்குவதுபோல இரண்டு கையாலும் வைத்துக்கொண்டு, முந்தானையால் அதன் சின்னத்தைத் துடைத்தாள். முன்பக்கம் எது என்று பார்த்துத் திருப்பி நீட்டினாள்.

போலீஸ்கார அம்மா வாங்கவில்லை. "போட்டுப் பாரேன்" என்றார்.

"ஐயய்ய, வேணாம் மேடம். தலையில எண்ண வச்சிக்கினு இருக்கறன். கறையாயிடும்."

அதற்குள் ஏரிக்கரைக் கூட்டம் திரும்பி வந்துவிட்டது. இரண்டு பனைமரத்துக்கு நடுவில் ஒரு உடைந்த பானையும் கொஞ்சம் மயில் இறகும்தான் கிடந்தனவாம். ஏட்டய்யா, இனிமேல் கதை என்றால் முதலிலேயே கதை என்று சொல்லிவிட்டுச் சொல்ல வேண்டும் என்று அத்தையை எச்சரித்தார். மலைக்குத் தானே சொல்லி அனுப்புவதாகவும், ஆட்கள் இறங்கி வருவார்கள் என்றும் அப்பாவிடம் சொன்னார். மலை அக்கா மட்டும் ஜீப்பில் ஏறாமல் நின்றாள். கதையே ஆனாலும் அவனைக் கொன்றது யார் என்று தெரியாமல் போக மாட்டேன் என்றாள். அத்தை அவள் காதோடு சொன்னாள். ஜீப்பில் ஒரு காலை வைத்திருந்த ஏட்டய்யா, அவள் ஏறியதும் முதல் வேலையாக, யாராம் என்று கேட்டது எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

ஜீப்பின் புழுதி அடங்கியது. அத்தை வீட்டுக்குள் போய்விட்டாள். அப்பா மொபெட்டை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் அதன்மேல் கை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு கயிற்றை அவிழ்த்தார். ஒரு சாக்கைத் தோளில் தூக்கிக்கொண்டு உள்ளே போய், பரணில் ஏற்றினார். திரும்பி வந்து அடுத்ததைத் தூக்கினார். நான் பிடிக்கப் போனேன், வேண்டாம் என்று தலையாட்டினார். கடைக்குப் போகவில்லையா என்று அம்மா கேட்டாள்.

"மழ வர மாரி இருக்குது. நனஞ்சிடும்" என்றார்.

ஒரே மதியத்தில் இரண்டு பொய். அத்தையிடம் பாடம் கேட்டவள் என்பதால் இரண்டையும் அங்கேயே பிடித்துவிட்டேன். அத்தை அன்று காலைதான் சீயக்காய் போட்டுத் தலைக்குக் குளித்திருந்தாள். காய்ந்த முடி முகத்தில் பறந்துகொண்டிருந்தது, அதில் ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது. அப்பா சொன்ன மழைக்கு வானத்தில் மேகமே கிடையாது. பொய் சொன்னவர்கள் யாரென்று கண்டுபிடித்ததில் எனக்கு ஒரே பெருமை. ராத்திரி சாப்பிடும்போது இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். எங்கள் வீட்டில் என்ன களவு போயிருந்தது என்பதைத்தான் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.