திரும்பி வந்த தயிர் சாதம்

ஊத்துக்கோட்டையில் மனநோய் தேறி வருபவர்கள் தங்கும் விடுதிக்கு நான்தான் சமைத்துக் கொடுக்கிறேன். ஒருநாள் மதியம், அங்கிருக்கும் தணிகாசலம் தயிர் சாதத்தைத் தொடாமல் திருப்பிக் கொடுத்தார்.

"இதுல இன்னாவோ கலந்துகீறாங்கம்மா. யாருக்கும் குடுத்துடாதே."

வியாதிப் பேச்சு என்று நினைத்து, அந்தச் சோற்றை வீட்டுக்கு எடுத்துப் போய் என் மகளுக்குப் போட்டேன். சற்று நேரத்தில் அவள் தலை தொங்கிவிட்டது. கிள்ளியும் கண் திறக்கவில்லை. மாட்டு வண்டியில் ஆஸ்பத்திரி போகும் வழியெல்லாம் அவள் மூக்கில் விரல் வைத்து மூச்சு பார்த்தேன். பிழைத்தாள்.

விடுதியில் சோறு பரிமாறும் ஆளைப் பிடித்துக் கேட்டேன்.

"அவன் மாத்திரை துன்ன மாட்டேன்றான்க்கா. பொடி பண்ணி சோத்துல போட்டேன். நீ ஊட்டுக்கு எடுத்துனு போவேன்னு இன்னா கண்டேன்?"

"இனிமே என் சோத்துல கை வச்சே, கையை ஒடிச்சிடுவேன்" என்றேன்.

இப்போது திரும்பி வரும் சோறு குப்பைக் குழிக்குத்தான். விடுதியில் யார் சாப்பாடு வேண்டாமென்றாலும், ஏன் என்று கேட்டு, அவர் சொல்வதை வியாதிப் பேச்சென்று தள்ளாமல் கேட்ட பிறகே தட்டை எடுக்கிறேன்.