பனெத்தோனே தகரத்தில் ஒரு மணிமுடி

இல்லை, அந்த முடி யாழ்ப்பாணத்திலிருந்து வரவில்லை. யாருடைய பரம்பரைப் பெட்டியிலிருந்தும் வரவில்லை. பனெத்தோனே தகரத்திலிருந்து வந்தது. கிறிஸ்து பிறப்பான நத்தாருக்கு, நாம் வேலைக்குப் போகும் வீடுகளின் இத்தாலிய எசமானிகளான சிஞ்ஞோராமார் நம் எல்லோர் வீட்டுக்கும் தந்துவிடுகிற அதே கேக் தகரம்தான். வெட்டியவர் செபமாலை அண்ணை. பிடித்துக்கொண்டு நின்றவன் நான்.

அவர் போய்விட்ட செய்தி வந்தபோது, பலெர்மோவின் பெரிய ரயில் நிலையமான ஸ்தாசியோனே சென்ட்ராலே பக்கம் சாப்பாட்டுப் பையோடு ஸ்கூட்டரில் இருந்தேன். அவருடைய மனைவி ரீட்டா அக்கா போன் எடுத்தார். "டெனிஸ், அண்ணை காலமை எழும்பேல்லை." பையிலிருந்த பீட்சா யாருக்கென்பதே மறந்துபோனது. நடைபாதையில் குந்தி, அழுதழுது அதை நானே தின்றேன். கேட்டிருந்தால் அவர் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். ஆகவே இந்த நினைவு மலரில் என் பக்கத்து அழுகை இவ்வளவுதான்.

பலெர்மோவின் சீசா என்ற பகுதியில் ஒரு மாடிக் கட்டடத்துக்கு அவர் காவலாளி. வாசலில் இருந்த அவருடைய சின்ன அறைக்குப் பார்சல் கொண்டுபோய்த்தான் பழக்கம். நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டதால், காண்கிற ஆள் எல்லாம் எனக்குப் புத்தி சொன்ன காலம் அது. அவர் சொல்லவில்லை. "விட்டுட்டியோ? அப்ப பின்னேரம் சும்மாதானே இருப்பாய். இந்தத் தகரத்தைப் பிடி" என்றார்.

பலெர்மோவுக்கு வருமுன் சான் மரீனோவில் ஒரு ஹோட்டல் குசினியில் வேலை செய்தவர். மலை உச்சியில் இருக்கும் அந்தக் குட்டி நாட்டைப் பற்றித் தொடங்கினால் நிறுத்தவே மாட்டார்.

"கோடையிலை சனமெல்லாம் பழைய காலத்து உடுப்புப் போட்டு அம்பு விடும், டேய். வெயிட்டர் படைவீரன், பாங்கிலை வேலை செய்யிறவன் பிரபு. அரண்மனையைப் பாத்தா ஆயிரம் வருசப் பழசு மாதிரி. விசாரிச்சா, எங்கடை பூட்டன் காலத்திலை கட்டினதாம்!"

"அப்ப எல்லாம் பொய்யோ அண்ணை?"

"பொய்யெண்டும் சொல்லலாம். ஆனா அடுத்தநாள் விடிய எழும்பிப் பாத்தா, நாடு அங்கைதான் இருக்குது."

அந்தக் குட்டி நாட்டால் முடிந்தது நமக்கு முடியாதா என்பதுதான் அவருடைய கேள்வி. தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் ஊர்வலத்தில் ஒரு யாழ்ப்பாண அரசர் நடக்க வேண்டும் என்று முடிவெடுத்தார். அந்த அரசர் என்ன உடுத்தார், எப்படி முடி வைத்தார் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அதனால் என்ன? ஒரு சிஞ்ஞோரா கழற்றிப் போட்ட சிவப்புத் திரைச்சீலை மேலங்கி ஆனது. தோள்கவசத்தை சிசிலிப் பொம்மலாட்ட வீரர்களைப் பார்த்து வெட்டினோம்.

அரசராக நடந்தவரும் அவரே. அவர் மன்னார் கத்தோலிக்கர். மன்னாரில் கத்தோலிக்கத்துக்கு மாறிய வேதக்காரரை வெட்டுவித்தது யாழ்ப்பாண அரசன் என்பது நம் எல்லோருக்கும் தெரிந்த சரித்திரம். கோயில் வாசலில் ஒருவர் சீண்டினார்: "செபமாலை, உங்கடை ஆக்களை வெட்டின ராசாவாவோ வாறாய்?"

"ஓம், அதுக்குத்தான் நானே வாறன். இந்தமுறை ஒருத்தரையும் வெட்டாமல் பாத்துக்கொள்ளுறன்."

வெட்டவில்லை. ஊர்வலம் சீசாவுக்குள் திரும்பியபோது, பல்கனியில் நின்ற ஒரு கிழவி அவரைத் சிசிலியை முன்பு ஆண்ட தங்கள் நோர்மன் அரசன் என்று நினைத்துவிட்டார். "வீவா இல் ரே!" என்று கத்தி முத்தம் எறிந்தார். ராசா வாழ்க என்று அர்த்தம். செபமாலை அண்ணை நின்று, முடியைக் கழற்றி, திரும்ப முத்தம் எறிந்தார். "அவவுக்கும் ஒரு ராசா தேவைதானே" என்றார்.

அந்தத் தகரத்தில் ஒரு மணி புடைத்திருந்தது. கம்பனியின் நத்தார் மணி. பொன் பூச்சை எவ்வளவு அப்பினாலும் மறையவில்லை. அடுத்த வருடம், ஊர்வலப் படத்தைப் பார்த்துவிட்டு, இத்தாலியின் வடக்கே ஒரு நகரத்துத் தமிழ்ச் சங்கத்திலிருந்து போன் வந்தது: "உங்கடை முடியிலை இருக்கிற மணி என்ன சின்னம்?" எங்கள் சங்கத் தலைவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "அது ஆராய்ச்சி மணி. நீதி கேட்டு வாற சனம் அரண்மனை வாசல்லை அடிக்கிற மணி" என்றார். பக்கத்தில் நின்ற செபமாலை அண்ணை வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். இன்று அந்த நகரத்துப் பிள்ளைகளின் முடியிலும் மணி இருக்கிறது.

"சொல்லுவமே அண்ணை?" என்று கேட்டேன்.

"விடடா. மணிக்கும் ஒரு உத்தியோகம் கிடைச்சிருக்கு."

முப்பத்தோராம் நாள் நினைவுக்கு அவருடைய படத்தருகில் முடியை வைக்கப்போகிறோம். அதற்குத் தலைவர் ஒரு அட்டை எழுதிக்கொண்டு வந்தார்: 'யாழ்ப்பாண அரசர் வழிவந்த மணிமுடி.' ஏமாற்ற நினைத்து எழுதியதல்ல. சொல்லிச் சொல்லி அவரே நம்பிவிட்டார். ரீட்டா அக்கா அதை வாசித்தார்.

"தலைவர், முடி ராசாவிட்டை இருந்து வந்ததெண்டா, என்ரை மனுசன் என்ன செய்தவர்?"

"பிள்ளையளுக்கு ஒரு பெருமை வேணுமே, தங்கச்சி…"

"பெருமைப்படட்டும். அந்தாள் விரலெல்லாம் வெட்டுப்பட்டுச் செய்தது. நீங்கள் அதைப் பழசாக்கினா, அவர் இல்லாமல் போயிடுவார்."

அக்கா முடியை எடுத்து, மணிக்குக் கீழே நகத்தால் சுரண்டினார். பொன் உதிர்ந்தது. நீலம் வந்தது. நீலத்தில் வெள்ளை எழுத்து வந்தது. தலைவர் கண்ணாடியைப் போட்டு, குனிந்து, உரத்து வாசித்தார்: "புவோன் நத்தாலே."

யாழ்ப்பாண ராசாவின் நெற்றியில் நத்தார் வாழ்த்து. முதலில் சிரித்தவர் தலைவர்தான். பிறகு அக்கா. அண்ணை போனபின் அக்கா முதல்முறை சிரித்தது அன்றுதான்.

அட்டையில் இப்போது இருப்பது: 'செய்தவர்: செபமாலை.'

அவருடைய தகரம் வெட்டும் கத்தரியை அக்கா எனக்குத் தந்துவிட்டார். நான் வைத்திருப்பது அதுவும், விடிய எழும்பிப் பார்த்தால் அங்கேதான் இருக்கும் என்று அண்ணை சொன்ன அந்த நாடும். பழைய முடி இனிப் படத்தோடு இருக்கும்; பொங்கலுக்குப் புதிது வேண்டும். இதை அக்காவின் குசினி மேசையில் இருந்து எழுதுகிறேன். தகரம் காலியாக வேண்டுமென்று எல்லோரும் பனெத்தோனே தின்கிறார்கள். "மணி இருக்கிற தகரம்தானே? மணி இல்லாட்டி ராசா இல்லை" என்கிறார் தலைவர், வாய் நிறையக் கேக்கோடு.

தகரம் காலி. கூப்பிடுகிறார்கள். நான் போக வேண்டும்.