லீட்ஸில் ஓர் எண்ணெய்க் குளியல்

யுத்தம் முடிந்த மறு வருஷம் சர்க்கார் செலவில் சீமைக்குப் படிக்கப் போனேன். படிப்பு, தோல் பதனிடும் ரசாயனம். ஆண்டிமடத்தில் என் அப்பா அதிலிருந்த தோலை மட்டும் உரித்துப் போட்டுவிட்டு, "பய ரசாயனம் படிக்கப் போறான்" என்று ஊர் முழுக்கச் சொல்லிவைத்தார். முந்திரிக்காடும் கொல்லையும் உள்ள வீட்டுப் பிள்ளை, கப்பலேறிப் போய் மாட்டுத் தோலை முகர்ந்து பார்க்கப் போகிறான் என்று தெரிந்தால் எவனும் பெண் தரமாட்டான் என்பது அவர் கவலை.

அம்மாவின் கவலை வேறு. அரியலூர் ஸ்டேஷனில் வண்டி வந்து நிற்கிறது, மற்றவர்கள் எல்லாம் மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கிறார்கள், அவள் மட்டும் நல்லெண்ணெய் டின்னைப் பெட்டிக்குள் ஏற்றுவதிலேயே குறியாக இருந்தாள். செக்கில் ஆட்டி, டின்னில் ஊற்றி, வாயை ஈயம் வைத்து அடைத்த எண்ணெய். கூடவே ஒரு பை சீயக்காய்த் தூள்.

"சனிக்கெழம தவறாம தலைக்கு வச்சுக் குளிச்சுடுடா. இல்லாட்டி சூடு கண்ணுல ஏறிப்புடும்" என்றாள்.

நான் போகிற ஊரில் சூடு என்ற சமாசாரமே கிடையாது என்று அவளுக்குச் சொல்ல ஆளில்லை. எனக்கே தெரியாதே!

லீட்ஸில் இறங்கிய அன்று மழை. அதை மழை என்று சொன்னால் நம் ஊர் மழை கோபித்துக்கொள்ளும். நசநசவென்று ஒரு தூறல், அதுவும் புகைக்கரியோடு சேர்ந்து. என்னை அழைத்துப்போக வந்திருந்தவர் உடையார்பாளையத்துக்காரர், எனக்கு ஒரு வருஷம் முன்னால் அங்கே வந்து சேர்ந்த மாணவர். கடிதத்தில்தான் பழக்கம். நேரில் பார்த்ததும் "அண்ணே" என்று வாய் தானாகக் கூப்பிட்டுவிட்டது. அவர் தங்கியிருந்த வீட்டிலேயே எனக்கும் ஓர் அறை பேசிவைத்திருந்தார். போகிற வழியிலேயே மனுஷன் எச்சரிக்கை கொடுக்க ஆரம்பித்துவிட்டார்.

"தம்பி, ஒண்ணு சொல்லிப்புடறேன், காதுல வாங்கிக்க. நம்ம நெறத்தப் பாத்ததும் இந்த ஊர்ல இருக்கிற ரூமெல்லாம் திடீர்னு நெறஞ்சுபோயிடும். நான் ஏறி எறங்காத வாசப்படி கெடையாது. இந்தம்மா ஒருத்திதான் கதவத் தொறந்து வுட்டா. அவ மொகம் கோணுச்சுன்னா, ரெண்டு பேரும் பொட்டியத் தூக்கிக்கிட்டுத் தெருவுலதான் நிக்கணும். இந்தக் குளுருல வெறச்சுச் செத்துருவோம், ஆமா."

வீட்டுக்காரம்மா ஆஜானுபாகுவாக இருந்தாள். புருஷன் காலமாகி வெகு வருஷம். என்னை மேலும் கீழும் பார்த்து, ரேஷன் புத்தகத்தை வாங்கி ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டு, என்னமோ சொன்னாள். திருச்சி காலேஜில் மெடல் வாங்கிய என் இங்கிலீஷுக்கு ஒரு வார்த்தை பிடிபடவில்லை. அண்ணன்தான் உடையார்பாளையத் தமிழில் எடுத்துச் சொல்வார். அன்று முதல் எனக்கு அந்த அம்மாள் பேசிய பாஷை அதுதான்.

சாப்பாட்டைப் பற்றி என்ன சொல்ல? உருளைக்கிழங்கை வேகவைப்பாள். முட்டைக்கோஸை வேகவைப்பாள். பிறகு இரண்டையும் நம்மிடம் கொடுத்துவிட்டு, நம் சாமர்த்தியம் என்று விட்டுவிடுவாள். தாளிப்பு இல்லை, பொரியல் இல்லை. யுத்தத்தை ஜெயித்த தேசம் இப்படியா தின்னும் என்று எனக்கு ஒரே எரிச்சல்.

குளியல் இதைவிட மோசம். வாரத்துக்கு ஒரு தரம்தான். தொட்டிக்குள்ளே யுத்தகாலத்தில் வரைந்த கறுப்புக்கோடு ஒன்று இருந்தது. அதற்கு மேல் தண்ணீர் பிடிக்கக்கூடாது. எங்கள் ஊர் எருமை அந்தத் தண்ணீரைப் பார்த்தால் திரும்பிப் போய்விடும். நல்லவேளையாக என் முறை சனிக்கிழமை வந்தது.

அண்ணன் வெளியே போயிருந்தார். நான் டின்னைக் குத்தித் திறந்து, ஒரு கோப்பை நிறைய ஊற்றி, அறையிலிருந்த காஸ் அடுப்பில் காய்ச்சினேன். மிளகு கிடைக்கவில்லை, போகட்டும். ஒரு துண்டைக் கோவணமாகக் கட்டிக்கொண்டு உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை வழிய வழியத் தேய்த்தேன். ஊரை விட்டு வந்தபின் அன்றுதான் எனக்கு உயிரே வந்தது.

கதவு தட்டும் சத்தம். திறந்தால் வீட்டுக்காரம்மா. வாசனை பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறி வந்திருக்கிறாள். கோவணத்தோடு சொட்டிக்கொண்டு நின்ற என்னை அவள் ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. நேரே கோப்பைக்குப் போனாள். விரலை விட்டாள். முகர்ந்தாள். நாக்கில் வைத்துப் பார்த்தாள். அப்படியே திரும்பி இறங்கிப் போய்விட்டாள். சரியான பைத்தியம் என்று நினைத்துக்கொண்டு நான் குளிக்கப் போனேன். சீயக்காயும் எண்ணெயும் சேர்ந்து தொட்டியை என்ன பாடு படுத்தின என்பதை விவரிக்க வேண்டாம். ஏரி வண்டல்தான்.

அண்ணன் வந்து பார்த்தார். "அட பாவி! குடியக் கெடுத்தியேடா!" என்று தலையில் கைவைத்துக்கொண்டார். இருவரும் பழைய பேப்பரைச் சுருட்டிக்கொண்டு தொட்டியைத் தேய்த்தோம். அதற்குள் கீழேயிருந்து கூப்பிட்டுவிட்டாள்.

சமையலறையில் நின்றோம். அவள் பேசினாள். அண்ணன் என் பக்கம் திரும்பினார்.

"தொட்டியப் பத்தி அவ ஒண்ணுமே சொல்லலடா. அது திங்கிற எண்ணெயான்னு கேக்குறா."

நல்லது செய்வதாக எண்ணிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, நானே அவளிடம் இங்கிலீஷில், "ஆமாம், எங்க ஊர்ல சமையலே இதுலதான்" என்றேன். அண்ணன் கண்ணைக் காட்டினார். எனக்கு எங்கே விளங்கியது? அவள் அலமாரியைத் திறந்து ஒரு சின்னத் தட்டை எடுத்து என் முன்னே டக்கென்று வைத்தாள். வெள்ளையாகக் கொஞ்சம் கொழுப்பு, கொட்டைப்பாக்கு அளவு.

"இதான் ஒரு ஆளுக்கு ஒரு வாரத்துக்காம். யுத்தம் ஆரம்பிச்சதுலேருந்து இப்படித்தானாம். நீ பல மாசத்து எண்ணெய ஒரே நாள்ல சாக்கடையில வுட்டிருக்கேங்கிறா. இப்புடி ஆளுவள வூட்டுல வச்சுக்கலாமா வேணாமான்னு வர்ற சனிக்கெழம சொல்றாளாம்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மாடிக்கு வந்ததும் கத்தினேன்: "என் தல, என் எண்ணெ! இவளுக்கு என்ன வந்துச்சு?"

"ஒன் தலதான், சரி. ரூமு யாரோடது?" என்றார் அண்ணன்.

டின்னைத் தூக்கிக்கொண்டு போய்ச் சமையலறை மேஜைமேல் வைத்தேன். பெற்ற பிள்ளையை விற்கிற மாதிரி இருந்தது. அவள் நன்றி என்றுகூடச் சொல்லவில்லை.

நடுவாரத்தில் ஒரு நாள் வீடே மணத்தது. மீனும் உருளைக்கிழங்கும் நல்லெண்ணெயில் முறுகப் பொரித்து வைத்திருந்தாள். அந்த அம்மாள் ஒரு துண்டு வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடியவள், வெகுநேரம் திறக்கவில்லை. கண்ணோரம் ஈரம். நாங்கள் பார்க்காததுபோல் தட்டைக் காலிசெய்தோம். ஆனால் அறையைப் பற்றி ஒரு வார்த்தை? ம்ஹூம். நான் காலேஜிலிருந்து வரும்போதெல்லாம் ஜன்னலில் தொங்கிய அட்டைகளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அறை காலி என்று எழுதிய ஒவ்வொரு வீட்டிலும் ஏறிக் கேட்டேன். எல்லாம் அப்போதுதான் நிறைந்திருந்தன. எனக்கு உண்மையிலேயே பயம் பிடித்துவிட்டது.

சனிக்கிழமை வந்தது. அண்ணன் இருவர் பெட்டியையும் கட்டிவைத்துவிட்டார். படியில் அவள் காலடிச் சத்தம். கதவைத் திறந்தேன். கையில் ஒரு டீக் கோப்பை. மீன் பொரித்த எண்ணெயில் மிஞ்சியதைத் துணியில் வடிகட்டி, சுடவைத்துக் கொண்டுவந்திருந்தாள். கறுத்துக் கிடந்தது. கவுச்சி வாடை மூக்கைத் துளைத்தது. ஏதோ சொன்னாள். அண்ணன் திறந்த வாய் மூடவில்லை.

"என்னண்ணே சொல்றா?"

"இம்புட்டுதான் மிச்சம் புடிக்க முடிஞ்சுதாம். தலைக்கு வைக்காட்டி ஒனக்கு ஒடம்புக்கு ஆவாதுன்னு, நீ டின்ன குடுத்த அன்னைக்கே நான் அவகிட்ட சொல்லியிருந்தேன். ஆறிப்போறதுக்குள்ள தேச்சுக்கங்கிறா."

"ரூமு?"

அண்ணன் கேட்டார். அவள் கட்டிவைத்த பெட்டிகளைப் பார்த்து ஓர் அதட்டல் போட்டாள்.

"பொட்டிய அவுத்து வைங்கடா முட்டாப் பயலுவளாங்கிறா. அடுத்த டின்னுக்கு ஒங்கம்மாவுக்கு இன்னைக்கே கடுதாசி போடணுமாம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. எங்கள் வீட்டில் சனிக்கிழமையன்று கவுச்சிச் சட்டியைக்கூட அடுக்களைக்குள் விடமாட்டார்கள்; பெருமாளுக்கு உகந்த நாள். நான் அந்த மீன் எண்ணெயை வாங்கி, அவள் பார்க்கப் பார்க்க, உச்சந்தலையில் வைத்து அரக்கித் தேய்த்துக்கொண்டேன். பெருமாள் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். அவரா எனக்கு லீட்ஸில் ரூம் கொடுத்தார்?