பரீட்சகரைக் காக்க வைத்த பிரியம்வதா

பிரியம்வதா இராஜேந்திரன் மின்பணியாளர் பயிற்சியில் சேர்ந்தது 2021 செப்டம்பர் 6, திங்கட்கிழமை. அப்போது வயது நாற்பத்தொன்று. அதற்கு முன் பதினான்கு வருடம் விமான நிலையக் கடையொன்றில் காசாளராக நின்றவர். 2020இல் கடை ஆட்களைக் குறைத்தபோது வேலை போயிற்று. இது தொழிற்சங்கம் ஒப்பந்தக் கம்பனிகளோடு பேசி நடத்திய நான்கு வருடப் பயிற்சி. முதல் நாளிலிருந்தே சம்பளம் உண்டு. வகுப்பில் மற்ற எல்லோரும் அவருடைய மகளின் வயதுக்காரர்.

லண்டன் இல்ஃபோர்டில் எனக்கு அடுத்த வீடு அவருடையது. காலை 5.40க்கு அவர் கதவு சாத்தும் சத்தம் கேட்கும். செய்த வேலை ஒவ்வொன்றையும் திகதியும் படமும் போட்டு ஒரு கோவையில் தாள் தாளாகச் சேர்க்க வேண்டும். அந்தத் திகதிகளைச் சரிபார்க்கச் சனிக்கிழமைகளில் என்னிடம் கொண்டு வருவார். கோவை ஒன்று நான்கானது. இரண்டாம் வருடத்தில் இடது முழங்கால் வீங்கியது, மூன்றாம் வருடத்தில் வலது.

கடைசிப் பரீட்சை 2025 மார்ச் 13. தேறினால் கம்பனியில் நிரந்தர வேலை. தேறாவிட்டால் ஒரு மீள்பரீட்சை உண்டு; அதிலும் தவறினால் ஓகஸ்ட் முடிவோடு ஒப்பந்தம் முடிந்துவிடும். இனி இன்னொரு தொழிலை அடியிலிருந்து தொடங்க உடம்பில் தெம்பில்லை என்று என்னிடம் சொன்னார்.

தேறவில்லை.

ஒரு கம்பியில் மின்சாரம் இல்லை என்று உறுதிசெய்ய மூன்று படிகள் உண்டு. முதலில், மின்சாரம் உள்ள இடத்தில் வைத்துச் சோதனைக் கருவி வேலை செய்கிறதா என்று பார்ப்பது. அடுத்து, துண்டித்த கம்பியில் பார்ப்பது. கடைசியாக, கருவி இடையில் பழுதாகவில்லை என்று முதல் இடத்தில் மறுபடி பார்ப்பது. நான்கு வருடமாகத் தினமும் செய்தது. அன்று மூன்றாவதை விட்டுவிட்டார்; பாதுகாப்புத் தவறு என்று பரீட்சகர் அங்கேயே பரீட்சையை நிறுத்திவிட்டார்.

அவருடைய மேற்பார்வையாளர் நிஷாந்துக்கு வயது இருபத்தொன்பது. மறுநாள் தேநீர் நேரத்தில் கேட்டிருக்கிறான்.

"மறந்திட்டீங்களோ அக்கா?"

"மறக்கேல்லை. அந்த மனுசன் பக்கத்திலை நிண்டு மணிக்கூட்டைப் பார்த்தவர். ஆளைக் காக்க வைக்கிறனே எண்டு கை தானாய் ஓடிப்போச்சு."

"ஏன், அவர் உங்கடை கடைக்கு விஸ்கிப் போத்தில் வாங்க வந்தவரே? பிளேன் போயிடும் எண்டு பயந்தனீங்களோ?"

பிரியம்வதா சிரித்தார். பிறகு கழிவறைக்குப் போய் அழுதார். இரண்டையும் அவரே சொன்னார்.

அன்று முதல் அவர் கருவியைக் கையில் எடுத்தபோதெல்லாம் நிஷாந்த் பின்னால் வந்து நின்றான். சாவிக்கொத்தைக் குலுக்குவான், பெருமூச்சு விடுவான். "அக்கா, கியூ நீளுது! கெதியாய், கெதியாய்!" ஒன்பது வாரம் இது நடந்தது. முதல் வாரம் ஒவ்வொரு தடவையும் அவசரப்பட்டார். ஐந்தாம் வாரம், "வாயை மூடிக்கொண்டு நில்லடா" என்றார்.

மீள்பரீட்சை மே 15, வியாழக்கிழமை. அதே பரீட்சகர். இரண்டாவது படி முடிந்ததும் அவர் மணிக்கூட்டைப் பார்த்து இருமினார். பிரியம்வதா அவர் பக்கம் திரும்பி, கொஞ்சம் பொறுங்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னார். முதல் இடத்துக்குப் போய், கருவியை வைத்து, அதன் விளக்கு எரிவதைப் பார்த்தார். போதும் என்று தோன்றிய பிறகும் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றாராம்.

முடிவு மே 27இல் வந்தது. தேறிவிட்டார்.

அன்று மாலை 6.50க்கு வீட்டுக்கு வந்து, சப்பாத்துக் கழற்றாமல் மாடிப்படியில் உட்கார்ந்தார். கணவர் இராஜேந்திரனுக்குச் செய்தி தொலைபேசியில் முன்பே தெரிந்துவிட்டது. குசினியிலிருந்து குரல் கொடுத்தார்.

"இஞ்சரும், சந்தோசமான நாள். ஒரு தேத்தண்ணி போடுமன்."

"கொஞ்சம் பொறுங்கோ."

கணவர் பொறுத்தார். பத்து நிமிடம் கழித்துத் தானே இரண்டு கோப்பை ஊற்றி எடுத்து வந்தார். பிரியம்வதா சுவரில் தலை சாய்த்து, சப்பாத்தோடு தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்ப மனம் வரவில்லை என்று மறுநாள் வேலியருகில் இராஜேந்திரன் என்னிடம் சொன்னார். இரண்டு தேத்தண்ணியையும் அவரே குடித்தாராம்.