முதலில் தோன்றிய இடம்

அக்காவின் மைக்ராஸ்கோப்பில் ஒரே ஒரு முறை கண்ணை வைத்துப் பார்த்திருக்கிறேன். கறுப்புத் தட்டில் மணல் மாதிரி ஏதோ கிடந்தது. உற்றுப் பார்த்தால் ஒவ்வொன்றும் பல். விலாங்கு போல நெளிந்து திரிந்த ஒரு கடல் பிராணியின் பல்லாம். கல்லை அமிலத்தில் ஊறவைத்து, ஈரத் தூரிகையின் நுனியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுப்பாள். எங்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டுக்கு வரும்போது அவள் மேல் காடி வாடை அடிக்கும். "இதுக்கா இவ்ளோ படிச்ச?" என்று கேட்டேன். சிரித்தாள். அப்போதெல்லாம் நன்றாகச் சிரிப்பாள்.

கார்போனிஃபெரஸ் என்ற நிலக்கரிக் காலத்தின் பிற்பகுதியில் கஸிமோவியன் என்று ஒரு கட்டம் உண்டு. ஏறக்குறைய முப்பது கோடி ஆண்டுகளுக்கு முந்தையது. அது எங்கே தொடங்குகிறது என்று வரையறுப்பதுதான் அக்கா இருந்த குழுவின் வேலை. வருஷத்தைக் குறித்தால் முடிந்தது என்று நினைத்தேன். அப்படியில்லையாம். உலகத்தில் ஏதாவது ஒரு பாறைச் சுவரைத் தேர்ந்தெடுத்து, குறிப்பிட்ட ஒரு வகைப் பல் அதில் முதன்முதலாகத் தலைகாட்டும் அடுக்கைக் கண்டுபிடித்து, இதுதான் தொடக்கம் என்று ஓட்டுப் போட்டு ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்குள் அதே பல்லை இன்னும் கீழடுக்கில் யாராவது கண்டெடுத்துவிடுவார்கள். மறுபடி முதலிலிருந்து பேச்சு. இதற்காக அவள் நாடு நாடாகப் போய்ச் சுவர்களைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

அப்படி ஒரு பயணத்தில் இருந்தபோதுதான் அப்பா இறந்தார். மலையிலிருந்து இறங்கி விமானம் பிடித்து வருவதற்குள், தம்பி எல்லாவற்றையும் முடித்து, போர்ட் கிள்ளான் கடலில் சாம்பலையும் கரைத்துவிட்டான்.

"எனக்காகக் கொஞ்சம் பொறுக்க முடியலையா?" என்றாள் அக்கா.

"அப்பா படுத்துக் கிடக்கும்போது உன்னை யாரு போகச் சொன்னது?" என்றான் அவன்.

"அவ்ளோ மோசம்னு நீ சொன்னியா?"

"சொன்னா மட்டும் வந்திருப்பியா? என் கல்யாணத்துக்கே வரல லா நீ."

நடுவில் பிறந்த நான் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒருவர் ஒன்று சொன்னால் மற்றவர் அதற்கும் முந்தையதைத் தோண்டி எடுத்தார். அதன் பிறகு பேச்சு நின்றுபோனது.

வருஷங்கள் ஓடின. தம்பிக்குக் கிட்னி போய், கிள்ளானில் டயலிசிஸ் செய்துகொண்டிருந்தான். ரயிலேறிப் பார்க்கப் போகும்போதெல்லாம் அக்காவைக் கேட்பான். ஒருநாள், "சின்னக்கா, நான்தான் ஆரம்பிச்சேன்னே இருக்கட்டும். ஒருவாட்டி வந்து சாப்பிட்டுப் போகச் சொல்லேன்" என்றான்.

ஓடிவந்து அக்காவிடம் சொன்னேன். "சும்மா ஒத்துக்கிட்டா எப்படி? எது முதல்ல நடந்துச்சுன்னு உக்காந்து பேசணும். மீட்டிங் போயிட்டு வந்துடறேன்" என்றாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கோடி கோடி வருஷத்து விஷயத்துக்கு ஓட்டுப் போட்டு ஒத்துப்போவார்கள். கூடப் பிறந்தவனிடம் மட்டும் ஆதாரம் கேட்பார்கள். அதை அவளிடம் வாய்விட்டே சொன்னேன். "அது வேற, இது வேற" என்று பெட்டியை மூடினாள். அன்றைக்கே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். இன்றும் மனசு ஆறவில்லை.

அவள் அங்கே கூட்டத்தில் இருந்தபோது தம்பி போய்விட்டான். விமான நிலையத்திலிருந்து நேராகக் கிள்ளான் வீட்டுக்கு வந்தவள், வாசலிலேயே நின்றுவிட்டாள். எல்லாம் முடிந்திருக்கும் என்றுதான் நினைத்திருக்கிறாள். கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் அவன் இருந்தான்.

தம்பி மனைவி எழுந்து வந்தாள். "நீங்க வர்ற வரைக்கும் எடுக்கக்கூடாதுன்னு சொல்லியிருந்தாரு, அண்ணி."

அக்கா பெட்டியின் கண்ணாடிமேல் கையை வைத்தாள். "எப்ப சொன்னான்? ஆஸ்பத்திரியிலயா?"

"இல்ல அண்ணி. ரொம்ப வருஷமா சொல்லிக்கிட்டுதான் இருந்தாரு."

"முதல்ல எப்ப சொன்னான்?"

அவள் யோசித்துப் பார்த்தாள். "ஞாபகம் இல்ல அண்ணி. எப்பவுமே சொல்வாரு."

அக்கா அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.