ஐந்து மணிக்கு முன் எரிந்த அடுப்பு

1966 டிசம்பர் 11, ஞாயிற்றுக்கிழமை. மாட்டுங்கா மைதானத்தில் நகரக் கண்காட்சி மாலை ஐந்து மணிக்குத் திறக்க வேண்டும். நான்கு அடிப்பதற்குள் தளவாய் அந்த மைதானத்தை ஆறேழு தடவை சுற்றி வந்துவிட்டார்.

சுற்றுவது அவருக்குப் புதிதல்ல. நாற்பத்திரண்டு வயதாகிறது, தாராவியில் அவர் உட்கார்ந்து பார்த்தவர்கள் குறைவு. டீயை நின்றுகொண்டே குடிப்பார். ரயில் முழுதாக நிற்குமுன் இறங்கிவிடுவார். முடிவெட்டும்போது கால் ஆடிக்கொண்டே இருக்கும் என்பதால், "ஒம்ம கால முதல்ல வெட்டணும்வே" என்று சலூன்காரர் ஒருமுறை கத்தரியைக் கீழே வைத்திருக்கிறார்.

தொழில் அப்படி. பம்பாயில் எங்கே பொது நிகழ்ச்சி நடந்தாலும், அங்கே கடை போடுகிற தாராவிக்காரர்களுக்கு பர்மிட் வாங்கித் தருவது அவர் வேலை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த புதிதில் தோல் கிட்டங்கியில் உப்புத் தடவிக்கொண்டிருந்தார். ஒரு திருவிழாவில் பக்கத்து வீட்டுப் பூதத்தானின் பஜ்ஜிக் கடையை, பர்மிட் இல்லையென்று முனிசிபாலிட்டி வண்டி அள்ளிப் போட்டுக்கொண்டு போனது. எண்ணெய்ச் சட்டியை மீட்கப் பூதத்தானுடன் துணைக்குப் போனவர், வரிசையில் நின்ற நேரத்தில் எந்த மேசையில் எதைக் கேட்கிறார்கள் என்று பார்த்து வைத்துக்கொண்டார். சட்டி கிடைக்கவில்லை. தொழில் கிடைத்தது.

வார்டு ஆபீசில் இடத்துக்கு அனுமதி வாங்க வேண்டும். சமைக்கிறவர் காலரா ஊசி போட்டிருக்க வேண்டும். கடைக்கு இரண்டு வாளி, ஒன்றில் மணல், ஒன்றில் தண்ணீர். அதைப் பார்த்துவிட்டுத் தீயணைப்புத் துறை முத்திரை வைக்கும். இதெல்லாம் பழைய கதை. முந்தின வருஷம் வேறொரு கண்காட்சியில் ஸ்டவ் வெடித்து நாலைந்து கடைகள் எரிந்த பிறகு இன்னொன்றும் சேர்ந்தது. அடுப்பு மூட்டுகிற கடைக்காரர் ஒவ்வொருவரும், வருகிற ஜனங்களுக்கு ஏதாவது ஆனால் ஈடு கொடுக்க இன்ஷூரன்ஸ் எடுத்தாக வேண்டும்.

தாராவியில் இதை விளக்குவதற்குள் தளவாய்க்குத் தொண்டை கட்டிவிட்டது.

"வேடிக்கை பாக்க வந்தவன் மேல எண்ணெ தெறிச்சா நான் எதுக்குவே அழணும்?" என்று கேட்டார் பூதத்தான்.

"நீரு அழ வேண்டாம். கம்பெனி அழும். அதுக்குத்தான இந்தக் காயிதம்."

"கம்பெனிக்காரன் நமக்கு மச்சானா, மாமனா?"

"வே, கையெழுத்தப் போடும். ஒண்ணு மட்டும் மனசுல வச்சிக்கிடும். இன்ஷூரன்ஸ் அஞ்சு மணிக்குத்தான் ஆரம்பிக்கும். அதுக்கு முன்னால அடுப்புல தீ இருந்தா காயிதம் செல்லாது. கடையத் தூக்கிருவான்."

இதையே ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று சொன்னார். அந்த வருஷம் சொல்ல வேண்டிய வாசல்களில் அவருடைய வாசலும் ஒன்று.

மனைவி செண்பகவல்லி சந்துக்குள்ளேயே உளுந்தவடை சுட்டு, பட்டறை ஆட்களுக்கு விற்று வந்தாள். "ஊருக்கெல்லாம் கடை வாங்கிக் குடுக்கிய. எனக்கு ஒண்ணு வாங்கப்படாதா?" என்று வருஷா வருஷம் கேட்பாள். அந்த முறைதான் அவள் பெயரில் விண்ணப்பம் போனது. இடம் கிடைத்தது, வாசலுக்குப் பக்கத்திலேயே. பலகையில் அவள் பெயரைத் தமிழிலும் இந்தியிலும் எழுதி வாங்கினார்கள். பரிசோதனையில் பர்மிட் ரத்தானால் கண்காட்சியின் பத்து நாளும் கடை கிடையாது. அடுத்த வருஷம் அந்தப் பெயரில் விண்ணப்பமும் வாங்க மாட்டார்கள்.

எல்லாம் சரியாக இருந்தது, கிழமையைத் தவிர. ஞாயிற்றுக்கிழமை நாலரையிலிருந்து ஆறு வரை ராகு காலம். பூதத்தானுக்குக் கவலையில்லை, அவருடைய அடுப்பு பழசு. செண்பகவல்லியின் பம்ப் ஸ்டவ் புத்தம் புதியது, கடை புதியது. முதன்முதலில் பற்றவைத்துப் பால் காய்ச்சுவதை ராகு காலத்தில் எப்படிச் செய்வது? ஆறு மணி வரை காத்திருந்தால், வாசலில் பசியோடு நுழைகிற முதல் கூட்டம் அடுத்த கடைக்குப் போய்விடும்.

நாலேகாலுக்குத் தளவாய் செண்பகவல்லியின் கடையிலிருந்து எட்டிப் பார்த்தார். தீயணைப்பு இன்ஸ்பெக்டர் சுர்வே மைதானத்தின் அடுத்த கோடியில் யாருடைய வாளியையோ எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். தளவாய் குனிந்து தீக்குச்சியைக் கிழித்தார்.

"இஞ்சேருங்க, என்ன செய்திய? அஞ்சு மணின்னு ஊரையே மிரட்டினது நீங்கதான?" என்றாள் செண்பகவல்லி.

"பால் பொங்கட்டும். உடனே அணைச்சிருதேன். முதல் தீ நல்ல நேரத்துல வச்சதா இருக்கும்லா."

பக்கத்தில் சர்பத் கடை மன்சூர் அலி ஐஸ் கட்டியைச் சாக்கில் சுற்றிக்கொண்டிருந்தார். "அண்ணாச்சி, எனக்கு அடுப்பும் இல்ல, ராகுவும் இல்ல. ஐஸு உருகுதுக்கு முன்னால வித்தா அதான் நல்ல நேரம்" என்றார்.

பம்ப் ஸ்டவ் சத்தம் போடும் என்பதைத் தளவாய் மறந்துவிட்டார். ஆளில்லாத மைதானத்தில் அது பேருந்து எஞ்சின் மாதிரி இரைந்தது. பால் பொங்கி வழிந்த நேரத்தில் சுர்வே எதிரே நின்றார்.

"யே கிஸ்கா ஸ்டவ் ஹை?"

யாருடையது என்று பலகையிலேயே எழுதியிருந்தது. சுர்வே குனிந்து காற்றுத் திருகைத் தளர்த்தினார். அடுப்பு உஸ்ஸென்று அடங்கியது. காகிதத்தை வாங்கி, ஐந்து மணி என்ற இடத்தில் விரலை வைத்துக் காட்டினார். தளவாய் தனக்குத் தெரிந்த இந்தியில் ராகு காலத்தை விளக்கப் பார்த்தார். எங்கள் வீட்டிலும் முகூர்த்தம் பார்ப்போம், ஆனால் நெருப்பு பார்க்காது என்றார் சுர்வே. இந்தக் காகிதம் இனிச் செல்லாது. வாசல் திறக்குமுன் புதுக் காகிதம் வந்தால் கையெழுத்துப் போடுவேன், இல்லையென்றால் பர்மிட் ரத்து. சொல்லிவிட்டு அடுத்த கடைக்கு நகர்ந்தார்.

தளவாய் ஓடினார். கடைசி நேரத்தில் வருகிறவர்களுக்காக இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் பஞ்சாபகேசன் வாசலருகே மேசை போட்டிருந்தார். மாட்டுங்காவிலேயே வீடு, நெற்றியில் விபூதி கலையாமல் இருக்கும். விஷயத்தைக் கேட்டார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார்.

"நாலரை தாண்டியாச்சு ஓய். ராகு காலத்தில புது பாலிசி எழுதற வழக்கம் எனக்குக் கிடையாது. ஆறு மணிக்கு மேல வாரும்."

"ஆறு மணிக்குக் கடையே இருக்காதே சாமி."

"அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? உமக்கே தெரியும். அதுக்குப் பயந்துதானே நீர் முன்னாடியே பத்த வெச்சீர்?"

எந்த ஆபீஸ் மேசைக்கு முன்னாலும் தளவாய் உட்கார்ந்ததில்லை. இப்போது எதிரே கிடந்த மடக்கு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கால்கூட ஆடவில்லை. மன்சூர் அலி பயந்துபோய்ச் செண்பகவல்லியைக் கூப்பிட்டார்: "மைனி, ஓடியாங்க. அண்ணாச்சி உக்காந்துட்டாரு!"

அவள் மாவுக் கையோடு வந்தாள். நடந்ததைக் கேட்டுவிட்டுப் பஞ்சாபகேசனைப் பார்த்தாள்.

"சாமி, ராகு காலத்துல எழுதினா என்ன ஆவும்?"

"பலிக்காதும்மா. ஆரம்பிச்ச காரியம் விளங்காது."

"இன்ஷூரன்ஸ் பலிச்சா என்ன அர்த்தம்? கடை தீப்பிடிச்சி, நாலு பேரு வெந்தாச்சுன்னு அர்த்தம். அது எனக்குப் பலிக்க வேண்டாம் சாமி. விளங்காமலே போவட்டும். எழுதுங்க."

பஞ்சாபகேசன் அவளையே பார்த்தார். முப்பது வருஷத் தொழிலில் இந்தக் கணக்கு அவருக்குத் தோன்றியதில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"என் கம்பெனிக்கும் அதான் நல்லதுங்கறேளா?"

"உங்க கம்பெனிக்குத்தான் ரொம்ப நல்லது."

பேனா வெளியே வந்தது. தொடங்கும் நேரத்தை நாலு ஐம்பது என்று எழுதி, காகிதத்தை அவள் பக்கம் திருப்பினார். மாவுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, அவள் எழுத்து எழுத்தாகத் தன் பெயரை எழுதினாள். தளவாய் அதைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு சுர்வேயைத் தேடி ஓடினார். ஈரம் காயாத மையின் மேலேயே சுர்வே கையெழுத்திட்டார். மேளம் கேட்டது, வாசலைத் திறந்துவிட்டார்கள்.

ராகு காலத்திலேயே அடுப்பு இரண்டாம் முறை எரிந்தது. முதல் ஈடு வடை கருகிவிட்டது. "பாத்தியா!" என்றார் தளவாய். "எண்ணெ ரொம்பக் காஞ்சிட்டு. நீங்க பக்கத்துல நின்னு பறக்காதீய, அங்கிட்டுப் போங்க" என்றாள் அவள். அவர் மணல் வாளியைத் தூக்கிக்கொண்டு கடையைச் சுற்ற ஆரம்பித்தார். இரண்டாவது ஈடு தட்டில் நிற்கவில்லை.

பத்து நாளும் அந்த பாலிசி பலிக்கவில்லை.

அடுத்த வருஷக் கண்காட்சியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கே திறந்தது. தாராவியிலிருந்து போன அத்தனை கடைக்காரர்களுக்கும் இன்ஷூரன்ஸ் மூன்று மணிக்கே தொடங்கும்படி தளவாய் எழுதி வாங்கினார்.