வீட்டுக்காரி வேஷம்

மன்னார் மூர்வீதியில் சொந்தச் சம்பளத்தில் ஒரு வீடு கட்டியதுதான் றினோஸா செய்த ஒரே பிழை. வயது முப்பத்துநாலு, கந்தோரில் நல்ல உத்தியோகம். ஊர் வழக்கப்படி கலியாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்குத்தான் குடிவருவார். அதனால் பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் வீட்டைத்தான் பார்த்தார்கள். ஒருத்தி குளியலறைக் குழாயைத் திறந்து பார்த்தாள். இன்னொருத்தி சுவரைத் தட்டிப் பார்த்தாள். வெட்கங்கெட்ட சனம்!

ஸாஜித் விசயம் வேறு. வீட்டுக்கு வயர் இழுக்க வந்த, கொண்டச்சி ஊர்க்காரன். வேலை முடிந்து இரண்டு வருசமாகியும் ஃபோன் பேச்சு முடியவில்லை. றினோஸாவுக்கு அவன்மேல் உயிர். அவனும் வீட்டில்தான் கண் வைத்திருக்கிறானோ என்ற பயமும் கூடவே இருந்தது.

அவனுடைய உம்மா பாத்தும்மா பெண் பார்க்க வருகிறார் என்றதும், அவள் வீட்டில் வாடகைக்கு இருந்த சிநேகிதி இர்ஷானா கண்ணைச் சிமிட்டினாள். தான் வீட்டுக்காரி, றினோஸாதான் வாடகைக்கு இருப்பவள் என்று சொல்வோம், அவனிடம் மூச்சு விடாதே என்றாள். அவனுக்கு உண்மை தெரியும். அதை அவன் உம்மாவிடம் போட்டு உடைத்தால், வீட்டுக்காக வந்தவன் என்று அர்த்தம்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, மகனோடு வந்த பாத்தும்மா கதிரையில் உட்காரும் முன்பே வீடு யாருடையது என்று விசாரித்தார். மகன் பெண்ணைப் பற்றித்தான் சொன்னானாம், வீட்டைப் பற்றி வாயே திறக்கவில்லையாம். இர்ஷானா காலுக்குமேல் கால் போட்டுக்கொண்டு, தன்னுடையது என்றாள். அவ்வளவுதான், வட்டிலப்பம் செய்தது றினோஸா, புகழ் முழுக்க இர்ஷானாவுக்கு. கடைசியில் பாத்தும்மா இர்ஷானாவிடம் நேராகவே கேட்டுவிட்டார்.

"மகள், உங்களுக்கு எங்கயும் பேசி முடிச்சிட்டாங்களோ?"

இர்ஷானாவுக்குப் புரையேறியது. அவள் போட்ட திட்டத்தில் இது இல்லை. ஸாஜித் தன் கையால் பூட்டிய ஃபேனை அண்ணாந்து பார்த்தான். வீடு றினோஸாவுடையது என்று அவன் ஒரு சொல் சொன்னால் போதும், பெண்ணும் கிடைக்கும், வீடும் கிடைக்கும், உம்மாவும் குளிர்ந்துபோவார்.

"உம்மா, நான் முடிச்சா றினோஸாவைத்தான். வீடில்லாட்டி என்ன, நம்மட வீட்டில ஒரு அறை இருக்குதானே."

மருமகளை மாமி வீட்டுக்குக் கூட்டிப்போவதா, ஊர் சிரிக்காதா என்று பாத்தும்மா புலம்பத் தொடங்கினார். றினோஸா குசினிக்குள் ஓடிப்போய்ச் சந்தோசத்தில் அழுதாள். தண்ணீர் கேட்கும் சாட்டில் ஸாஜித் வாசலில் வந்து நின்றான்.

"வீடு உங்கடதான் எண்டு உம்மாட்ட எப்ப சொல்லுறது?"

றினோஸா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"நிக்காஹ் முடியட்டும். அதுவரைக்கும் மாமி வீடில்லாத மருமகளோட பழகிப் பாக்கட்டும்."